விக்டோரியா காலக் கோட்டைகளில் மறைந்துபோன கிடங்குகளையும் துணைக் கட்டடங்களையும் கண்டறிதல்: முழுமையான வழிகாட்டி

கோட்டைகளில் மதிலும் அகழியும் பீரங்கி மேடையும் எளிதில் அழிவதில்லை. அழிந்தவற்றுள் பெரும்பாலானவை அவற்றுக்கு இடையில் நின்ற சிறு கட்டடங்கள்: நிலக்கரிக் கொட்டில், வைக்கோல் அறை, எண்ணெய்க் கிடங்கு, சலவைக்கூடம், கழிப்பிடம், பீரங்கித் தளவாட அறை, வண்டிக் கொட்டகை போன்றவை. அவை எங்கே நின்றன, எதற்குப் பயன்பட்டன, எப்போது கட்டப்பட்டு எப்போது மறைந்தன என்பதை ஆவணங்களையும் நிலத்தையும் ஒப்பிட்டு நிறுவும் வேலைமுறையை மட்டுமே இந்த வழிகாட்டி விளக்குகிறது. எடுத்துக்காட்டுகள் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தைச் சூழ்ந்துள்ள கோட்டைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. போர்ட்ஸ்டவுன் குன்றின் மேல் வாலிங்டன், நெல்சன், சவுத்விக், விட்லி, பர்ப்ரூக் ஆகியனவும், மேற்கே கோஸ்போர்ட் பக்கம் எல்சன், பிராக்ஹர்ஸ்ட், ரவுனர், கிரேஞ்ச், கோமர் ஆகியனவும் அமைந்தன.

புதிதாக இவ்வேலையில் இறங்குவோர் பலர் முதல் நாளே கோட்டைக்குப் போய், புல்லில் தெரியும் மேடு பள்ளங்களைப் படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். பிறகு ஆவணக் காப்பகத்துக்குப் போகும்போது, தாங்கள் சூட்டிய பெயருக்கு ஆதரவு தேடுகிறார்களே தவிர, ஆவணம் என்ன சொல்கிறது என்று பார்ப்பதில்லை. ஆகவே கீழுள்ள வரிசையில் களப்பயணம் எட்டாவதாகத்தான் வருகிறது. முதல் ஏழு படிகளில் காப்பக வேலை நீங்கலாக மற்றவற்றை எந்த ஊரில் இருந்தும் செய்யலாம்.

1. முன்கூட்டியே தேவைப்படுபவை

முதலில் அனுமதி. இக்கோட்டைகளில் பல, 1979ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட சின்னங்களாகப் பட்டியலிடப்பட்டவை. அங்கே மண்ணைத் தோண்டுவதற்கும் கட்டடத்தில் கைவைப்பதற்கும் முன் அனுமதி வேண்டும். உலோகம் காட்டும் கருவியையோ நிலத்தடி அளவைக் கருவியையோ பயன்படுத்துவதற்கு, அதே சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி தனி உரிமம் பெற வேண்டும். நில உரிமையாளரின் ஒப்புதல் இந்த உரிமத்துக்கு ஈடாகாது. இரண்டையும் தனித்தனியே எழுத்தில் பெற வேண்டும்.

இரண்டாவது, அணுகல். பிராக்ஹர்ஸ்ட் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பின் பொறுப்பில் உள்ளது. நெல்சனில் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகம் இயங்குகிறது. ரவுனரும் கிரேஞ்சும் கடற்படைத் தளத்தின் வேலிக்குள் இருப்பதால் அங்கே நினைத்தபோது நுழைய முடியாது. நுழைய முடியாத கோட்டையைத் தேர்ந்தெடுத்தால் எட்டாம் படியே இல்லாமல் வேலை நின்றுவிடும் என்பதால், இதைத் தொடக்கத்திலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

கருவிகள் குறித்து அதிகம் சொல்வதற்கில்லை. நிலவரைபட மென்பொருளாகக் கட்டணமில்லாத கியூஜிஐஎஸ் போதும். களத்துக்கு 30 மீட்டர் அளவு நாடா, மட்டப்பலகை, அளவுகோல் பொறித்த குச்சி, கேமரா, தடித்த காலணி, தலைக்கவசம், கைவிளக்கு ஆகியவை போதும்.

2. முதலில் தேவைகளைப் பட்டியலிடுங்கள், கட்டடங்களை அல்ல

கோட்டை என்பது சில நூறு வீரர்கள் உண்டு, உறங்கி, குளித்து, பீரங்கியை இயக்கத் தயாராக இருந்த இடம். அவர்களுக்கு நாள்தோறும் உள்ளே வரவேண்டியவையும் வெளியே போகவேண்டியவையும் எவை என்று எழுதினால், எந்தெந்தத் துணைக் கட்டடங்கள் இருந்திருக்க வேண்டும் என்பது தானாக வெளிப்படும். இப்பட்டியலை வரைபடம் பார்க்கும் முன்பே எழுதிவிட வேண்டும். அப்போதுதான், வரைபடத்தில் ஒரு கட்டடம் காணப்படாதபோது அது எங்கே என்ற கேள்வியே எழும்.

வெடிமருந்திலிருந்து தொடங்குங்கள். தலைமை வெடிமருந்துக் கிடங்கு மண்ணுக்கடியில், தடித்த செங்கல் வளைவுக் கூரையின் கீழ் இருந்ததால், கோட்டை நிற்கும் இடங்களில் அது பெரும்பாலும் எஞ்சியிருக்கிறது. மறைந்தவை அதைச் சார்ந்தவை. கிடங்குக்குள் நுழைவோர் ஆணி அடித்த காலணியையும் தம் உடையையும் களைந்து வேறு அணிந்துகொள்வதற்கு உடைமாற்று அறை இருந்தது. விளக்கு வெடிமருந்தின் பக்கம் வரக்கூடாது என்பதால், கிடங்கை ஒட்டித் தனியே ஒரு விளக்கு வழி அமைத்து, இடையில் கண்ணாடி பொருத்திய சாளரத்துக்குப் பின்னால் விளக்கை வைத்தார்கள். அந்த விளக்குகளைத் துடைத்து எண்ணெய் ஊற்றும் அறை நிலத்துக்கு மேல், கிடங்கிலிருந்து விலகி இருக்க வேண்டும். சுவரோடு இணைந்த விளக்கு வழி தப்பியது. தனியே நின்ற விளக்கு அறையும் எண்ணெய்க் கிடங்கும் முதலில் இடிக்கப்பட்டன.

அடுத்து பீரங்கி. மேடையை ஒட்டி, மண்மேட்டின் அணைப்பில், உடனடிப் பயன்பாட்டுக்கான சிறு வெடிமருந்து அறைகளும் குண்டு அறைகளும் இருந்தன. பீரங்கிக் குழாயைத் துடைக்கும் கழி, திணிகோல், நெம்புகோல் போன்றவற்றை வைக்கத் தனி அறையோ மரக் கொட்டகையோ தேவை. உருளைகளும் கயிறுகளும் தாங்கு வண்டிகளும் உள்ள பெரிய தளவாடக் கிடங்கு, மேடைக்கு ஏறும் சாய்தளத்தின் அடியில் இருப்பதே இயல்பு. பல டன் எடையுள்ள பீரங்கியைக் கோட்டைக்குள் சுற்றிச் சுற்றி இழுத்துச் செல்ல எவரும் விரும்பமாட்டார்கள். அகன்ற கதவுடைய கட்டடம் சாய்தளத்துக்கு எதிரே தெரிந்தால், அதன் பெயர் தெரியாவிட்டாலும் அதை இந்த வகையில் குறித்துவைக்கலாம்.

எரிபொருளும் படுக்கையும் அடுத்தவை. நிலக்கரி வண்டியில் வரும், ஆகவே அதன் கொட்டில் வாயிலுக்கும் சமையற்கூடத்துக்கும் இடைப்பட்ட பாதையில் இருக்கும். வீரர்களின் மெத்தை உறைகளில் வைக்கோல் திணிக்கப்பட்டது. அது காலந்தோறும் மாற்றப்பட்டதால், புது வைக்கோலைச் சேமிக்க ஓர் உலர்ந்த அறை வேண்டும். அந்த அறை புகைபோக்கிக்கு எதிர்ப்புறம் இருக்கும். சாம்பலுக்கும் குப்பைக்கும் தனித் தொட்டிகள் இருந்தன. தொட்டிகள் வரைபடத்தில் சிறு சதுரங்களாகத்தான் தெரியும், ஆயினும் அவை சமையற்கூடத்தின் பின்வாசலைக் காட்டிக்கொடுக்கும்.

நீரும் கழிவும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இருக்கும். போர்ட்ஸ்டவுன் சுண்ணாம்புக் குன்று. மேலே ஊற்று இல்லாததால் ஆழ்கிணற்றையும் மழைநீர்த் தொட்டியையும் தேட வேண்டும். தொட்டி, நீர் இறங்கும் கூரையின் அருகில் இருக்கும். கழிப்பிடமும் சலவைக்கூடமும் நிலச்சரிவின் தாழ்ந்த பக்கத்தில், வடிகால் வெளியேறும் இடத்துக்கு அருகில் இருக்கும்.

சலவைக்கூடத்தைத் தேடும்போது கோட்டைக்குள்ளேயே நின்றுவிடாதீர்கள். படையணிப் பதிவேட்டில் ஏற்கப்பட்ட வீரர்களின் மனைவியர்தாம் கூலிக்குத் துணி துவைத்தார்கள். ஆதலால் சலவைக்கூடமும் உலர்த்தும் இடமும் மணமானோர் குடியிருப்பை ஒட்டி அமைந்தன, அக்குடியிருப்பு கோட்டைக்கு வெளியேயும் இருக்கலாம். எதிரியை நோக்கிய பக்கத்தில் எதிரிக்கு மறைவிடம் தரும் எதையும் கட்ட அனுமதிக்கமாட்டார்கள். எனவே வெளிக்கட்டடங்கள் கோட்டையின் பின்புறத்தில், சாலையை ஒட்டி இருக்கும். அகழியைத் தாண்டிப் பார்க்காததே இந்தப் படியில் நான் அடிக்கடி காணும் தவறு.

3. வரைபடங்களைக் காலவரிசையில் திரட்டுங்கள்

பொதுவில் கிடைக்கும் ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரித்தானியாவின் அரசு நில அளவை அமைப்பு) வரைபடங்களிலிருந்து தொடங்குவது வசதி. 1:2500 அளவுத் தாள்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில், இங்கிலாந்துக்கும் சேர்த்தே, கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆனால் இவற்றில் ஒரு பொறி உண்டு. பாதுகாப்புக் காரணத்தால், பொதுமக்களுக்கு விற்கப்பட்ட பல பதிப்புகளில் கோட்டையின் உட்புறம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். சிலவற்றில் கோட்டையே இருக்காது, அதன் இடத்தில் வயல் மட்டும் தெரியும். வெறுமை என்பது அங்கே கட்டடம் இல்லை என்பதற்குச் சான்றன்று. ஒரு பதிப்பில் இருந்து அடுத்த பதிப்பில் காணாமல்போன கட்டடத்தை "இடிக்கப்பட்டது" என்று எழுதும் முன், அதே தாளில் மதிலும் அகழியும் முழுமையாக வரையப்பட்டுள்ளனவா என்று பாருங்கள்.

அடுத்ததாக, லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம். இங்கே டபிள்யூஓ 78 என்ற தொகுதியில் போர்த்துறையின் வரைபடங்களும் திட்டப்படங்களும் உள்ளன. டபிள்யூஓ 192 என்ற தொகுதியில் கோட்டைப் பதிவேடுகள் உள்ளன. இவை பெரும்பாலும் பிற்காலத்தவை, ஆனால் பழைய கட்டடம் பிறகு எதற்குப் பயன்பட்டது என்பதை அறிய உதவுபவை. அதுவரை கோட்டைகளையும் தளவாடங்களையும் கவனித்து, 1855இல் கலைக்கப்பட்ட ஆர்ட்னன்ஸ் வாரியத்தின் தாள்கள் வேறு தொகுதிகளில் இருப்பதால், 1850களின் தொடக்கத்தில் எழுந்த கோட்டைக்கு டபிள்யூஓ 78 மட்டும் போதாது. டபிள்யூஓ 44, டபிள்யூஓ 55 ஆகியவற்றையும் தேடுங்கள்.

அட்டவணையில் கோட்டையின் பெயரை மட்டும் தட்டித் தேடுவது அடுத்த தவறு. பல தாள்கள் "போர்ட்ஸ்மத்", "கோஸ்போர்ட்", "போர்ட்ஸ்டவுன்" போன்ற இடப்பெயர்களின் கீழ்ப் பதிவாகியிருக்கின்றன, ஒரே எண்ணின் கீழ்ப் பல தாள்கள் அடங்கிய கட்டுகளும் உண்டு. வாசகர் அட்டை பெற்று, பெரிய தாள்களுக்கான வாசிப்பறையில் அமர்ந்து, சொந்தக் கேமராவில் கட்டணமின்றிப் படமெடுக்கலாம். படமெடுக்கையில் தாளின் நான்கு மூலைகளும், அளவுகோலும், தலைப்பும், கையெழுத்துகளும், பின்பக்கமும் பதிவாக வேண்டும். கட்டடம் உள்ள பகுதியை மட்டும் எடுத்துவந்தால் ஆறாம் படியில் பொருத்துவதற்கு எதுவும் இருக்காது.

பழைய செய்தித்தாள்களையும் விடாதீர்கள். பயனற்ற மரக் கட்டடங்களையும் தகரக் கொட்டகைகளையும் ஏலத்தில் விற்கும்போது விளம்பரம் வெளியாகும். கட்டடம் மறைந்த காலத்தை மாதக் கணக்கில் சொல்லக்கூடிய சான்று அனேகமாக இது ஒன்றே.

4. திட்டப்படத்தைப் படித்தல்

படத்தில் கட்டடத்தைத் தேடும் முன் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

முதலாவது: இது கட்டியதா, கட்ட நினைத்ததா? ராயல் இன்ஜினியர்ஸ் என்ற படைப் பொறியாளர் பிரிவின் அதிகாரிகள் முன்மொழிவாக வரைந்த பல படங்கள் பணமின்மையால் தாளோடு நின்றன. முன்மொழிவில், ஏற்கெனவே உள்ளது ஒரு நிறத்திலும் புதியது மற்றொரு நிறத்திலும் இருக்கும். ஒப்புதல் கையெழுத்து, ஒப்பந்த எண், "கட்டியபடி" என்ற குறிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாவது இல்லாத படத்தை முன்மொழிவாகவே கருதுங்கள். கட்டப்படாத கட்டடத்தை இடிந்ததாக அறிவிப்பதுதான் இத்துறையில் மிகவும் சங்கடமான தவறு, அது அடுத்தவர் கட்டுரைக்கும் தொற்றிவிடும்.

இரண்டாவது: தேதிகளில் எது? ஒரே தாளில் அளந்த தேதி, வரைந்த தேதி, திருத்திய தேதி, நகலெடுத்த தேதி எனப் பல இருக்கும். கட்டடத்துக்குப் பொருந்துவது அதை வரைந்த மையின் தேதி. பின்னர் சேர்த்த கட்டடம் வேறு மையில், வேறு தடிமனில் தெரியும். ஆகையால் கறுப்பு வெள்ளை நகலை நம்பாமல் வண்ணப் படம் எடுக்க வேண்டும்.

மூன்றாவது: நிறம் எதைக் குறிக்கிறது? அக்கால வரைவு வழக்கில் செங்கல் இளஞ்சிவப்பிலும், மரம் மஞ்சள் அல்லது பழுப்பிலும், இரும்பு நீலத்திலும் தீட்டப்படுவது பொது. விளக்கப் பட்டியல் இருந்தால் அதுவே இறுதி. மரக் கட்டடத்துக்கு ஆழமான அடித்தளம் இருக்காது என்பதால், நிறத்தை இப்போதே குறித்துக்கொண்டால், களத்தில் எதுவும் தெரியாதபோது குழம்ப வேண்டியதில்லை.

நான்காவது: அளவும் மட்டமும். "ஓர் அங்குலத்துக்கு 40 அடி" என்பது 1:480. தாள் சுருங்கியிருக்கக்கூடும், எனவே அச்சிட்ட விகிதத்தை விட, தாளிலேயே வரைந்துள்ள அளவுகோலை நம்புங்கள். உயரக் குறிப்புகள் இருந்தால் அவை எந்த அடிமட்டத்தைச் சார்ந்தவை என்று பாருங்கள். விக்டோரியா காலத்தவை லிவர்பூல் மட்டத்தையும் இன்றையவை நியூலின் மட்டத்தையும் சார்ந்தவை. இரண்டையும் நேரடியாகக் கழித்தால் தரை உயர்ந்ததாகவோ தாழ்ந்ததாகவோ பொய்யாகத் தெரியும்.

சில தாள்களில், மேல் தளத்தைக் காட்ட ஒரு சிறு தாள்மடிப்பு ஒட்டப்பட்டிருக்கும். அதைத் தூக்கிப் பார்த்து, இரு நிலைகளையும் தனித்தனியே படமெடுங்கள்.

5. கட்டடத்துக்கு ஒரு வரி வீதம் பேரேடு

போர்த்துறையின் பதிவுத் திட்டப்படங்களில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் எண்ணும், ஓரத்தில் எண்வாரியாகப் பயன்பாட்டுப் பட்டியலும் தரப்பட்டிருக்கும். இந்த எண்ணே உங்கள் வேலையின் அச்சாணி. ஒரு விரிதாளில் கட்டடத்துக்கு ஒரு வரியும், ஆவணத்துக்கு ஒரு நெடுவரிசையும் வைத்து, அந்த ஆவணத்தில் அக்கட்டடத்தின் எண், பெயர், நீள அகலம், கட்டுமானப் பொருள் ஆகியவற்றை நிரப்புங்கள்.

எண் மாறும் என்பதை மறக்கக்கூடாது. மறுஅளவையின்போது முழுக் கோட்டைக்கும் புதிதாக எண்ணிடுவார்கள். பழைய 14 புதிய 14 ஆக இருக்க வேண்டியதில்லை. இரு படங்களில் உள்ள கட்டடம் ஒன்றே என்று சொல்ல, இடமும் வடிவமும் பொருந்த வேண்டும். எண்ணும் பெயரும் துணைச் சான்றுகள் மட்டுமே.

பெயர் அதைவிட வேகமாக மாறும். 1860களில் வெடிமருந்துப் பொதி அறையாக இருந்தது, கருமருந்தின் இடத்தைக் கார்டைட் என்ற புகை குறைந்த வெடிமருந்து பிடித்தபின் வேறு வேலைக்குப் போனது. பீரங்கிகள் அகற்றப்பட்டுக் கோட்டை வெறும் படைக்குடியிருப்பாக மாறிய காலத்தில் தளவாட அறை மிதிவண்டி அறையானது, வைக்கோல் அறை பண்டகசாலையானது. ஒரு பெயரைத் தேர்ந்து மற்றவற்றை அழிக்காமல், பெயரோடு ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

6. பழைய படத்தை இன்றைய நிலத்தின் மேல் பொருத்துதல்

கியூஜிஐஎஸ்ஸில் பிரித்தானிய தேசியக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அதாவது ஈபிஎஸ்ஜி 27700 என்ற குறியீட்டில், பழைய படத்தை ஏற்றுங்கள். பொருத்துபுள்ளிகளாக இன்றும் நிற்கும் கட்டுமானத்தின் மூலைகளை மட்டும் எடுக்க வேண்டும்: அகழியின் உட்சுவர் மூலை, குடியிருப்புத் தொகுதியின் மூலை, பீரங்கி அறையின் வாய் போன்றவை. வேலி, பாதை, மண்மேட்டின் விளிம்பு ஆகியவை நகர்ந்திருக்கும்.

புள்ளிகள் கோட்டையைச் சுற்றிலும் பரவியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் வாயிலருகே குவித்தால் அங்கே பிழை சுழியாகத் தெரியும், எதிர்முனையிலோ கட்டடம் அகழிக்குள் போய் நிற்கும். சுழற்றி, நகர்த்தி, சமமாகப் பெரிதாக்கும் எளிய உருமாற்றத்தையே முதலில் பயன்படுத்துங்கள். மென்பொருளில் உள்ள வளைத்து இழுக்கும் முறை எல்லாப் புள்ளிகளிலும் பிழையைச் சுழியாகக் காட்டும். உண்மையில் அது பிழையைப் புள்ளிகளுக்கு இடையே ஒளித்துவைக்கிறது, நாம் தேடும் கட்டடமும் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் இருக்கும்.

கிடைக்கும் துல்லியத்துக்கு வரம்பு உண்டு. 1:2500 தாளில் அரை மில்லிமீட்டர் தடித்த கோடு நிலத்தில் 1.25 மீட்டர். 1:480 திட்டப்படத்தில் அதே கோடு 24 சென்டிமீட்டர். ஆகவே சிறு கொட்டில்களுக்கு 1:2500 தாள் இருப்பைத்தான் சொல்லும், சுவர் எங்கே என்பதைச் சொல்லாது. ஒவ்வொரு கட்டடத்தையும் வரையும்போது, அது எந்த ஆவணத்திலிருந்து வந்தது, பிழை எவ்வளவு என்பதைப் பண்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

7. வான்படம், லைடார், வறட்சித் தடம்

இந்தப் படி கட்டடங்களின் மறைவுக் காலத்தைக் குறுக்கித் தருவது. ஏரோபிலிம்ஸ் என்ற வான்பட நிறுவனம் 1919 முதல் எடுத்த சாய்வுப் படங்களும், 1940களில் விமானப்படை எடுத்த செங்குத்துப் படங்களும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் ஸ்விண்டன் காப்பகத்தில் உள்ளன. மூலப் படத்தையே கேட்டு வாங்குங்கள். போருக்குப் பின் ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிட்ட வான்பட இணைப்புத் தாள்களில் படைத்தளங்கள் மீது வயலையோ மேகத்தையோ தீட்டி மறைத்த பதிப்புகள் உண்டு.

நெல்சன் கோட்டை இதற்கு நல்ல பயிற்சி. 1930களின் இறுதியில் அது விமான எதிர்ப்புக் குண்டுகளின் கிடங்காக மாற்றப்பட்டபோது, அணிவகுப்புத் திடலிலேயே பெரிய குண்டுக் கிடங்குகள் எழுப்பப்பட்டன. அவற்றின் தடத்தை விக்டோரியா காலக் கட்டடத்தின் தடமென்று கொள்வோர் உண்டு. திடலின் நடுவில் பெரிய நீள்சதுரம் தெரிந்தால், 1860களில் வீரர்கள் எங்கே அணிவகுத்திருப்பார்கள் என்று கேட்டுப்பாருங்கள், ஐயம் தீரும்.

லைடார் (விமானத்திலிருந்து லேசர் ஒளியால் நில உயரத்தை அளக்கும் முறை) உயரத் தரவை இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 1 மீட்டர் இடைவெளியில் கட்டணமின்றித் தருகிறது. 3 மீட்டர் அகலமுள்ள நிலக்கரிக் கொட்டில் அதில் மூன்று புள்ளிகள் மட்டுமே, எனவே பெரிய கட்டடங்களின் மேடைகளையும் வண்டிப் பாதைகளையும் தேடவே இது ஏற்றது. ஒளியை ஒரே திசையிலிருந்து காட்டினால் அத்திசைக்கு இணையான சுவர்த்தடம் தெரியாது. பல திசைகளில் காட்டிப் பாருங்கள்.

2018, 2022 போன்ற வறண்ட கோடைகளின் படங்கள் கிடைத்தால் விடாதீர்கள். புல்லுக்கடியில் செங்கல் அடித்தளம் இருக்கும் இடம் முதலில் மஞ்சளாகும். பழைய குழியோ வடிகாலோ இருந்த இடம் கடைசிவரை பச்சையாக இருக்கும். நவீன குழாய்களும் இப்படியே கோடு காட்டும் என்பதால், தடம் உங்கள் பொருத்திய படத்தோடு இணைந்தால் மட்டுமே கணக்கில் சேருங்கள்.

8. களத்தில் பார்க்க வேண்டியவை

இப்போதுதான் கோட்டைக்குப் போக வேண்டும், அதுவும் கையில் பொருத்திய வரைபடத்தோடும், ஒவ்வொரு கட்டடத்துக்கும் எழுதிய கேள்வியோடும். "நிலக்கரிக் கொட்டில் மதிலை ஒட்டி இருந்ததா, விலகி இருந்ததா?" என்பது கேள்வி. "இங்கே என்ன இருந்தது?" என்பது கேள்வியாகாது.

அழிந்த கட்டடம் தரையில் விட்டதைவிட, தான் சாய்ந்திருந்த சுவரில் விட்டது அதிகம். மதிலின் உட்சுவரை மாலை வெயிலில், பக்கவாட்டு ஒளியில் பாருங்கள். செங்கற்களுக்குள் வெட்டிய ஒரு நீண்ட குறுகிய பள்ளம், அதில் சாம்பல் நிறச் சாந்தின் எச்சம், கீழே அடுக்கடுக்காக உரிந்த வெள்ளைச் சுண்ணப்பூச்சு, மேலே மழைபட்டுக் கறுத்த வெறும் செங்கல்: இவை சேர்ந்திருந்தால் அங்கே ஒரு கூரை முடிந்தது என்று பொருள். பள்ளம் கிடையாக இருந்தால் அது ஒருபக்கச் சரிவுக் கூரையின் மேல்விளிம்பு. அது தரையிலிருந்து 3.6 மீட்டர் உயரத்தில் இருந்து, முன்சுவர் 2.1 மீட்டர் என்று கொண்டால், 30 பாகைச் சரிவுள்ள ஓட்டுக்கூரைக்குக் கட்டடத்தின் அகலம் ஏறக்குறைய 2.6 மீட்டர் வரும். திட்டப்படத்தின் அகலம் இதோடு ஒத்துப்போனால் இரு தனிச் சான்றுகள் கைகோக்கின்றன. தரை பிற்காலத்தில் உயர்த்தப்பட்டிருக்கலாம், எனவே எஞ்சிய ஒரு வாசற்படியிலிருந்து உயரத்தை அளப்பதே பாதுகாப்பு.

கதவுநிலைகளையும் பாருங்கள். வெடிமருந்து புழங்கிய அறைகளில் பொறி பறக்காத செம்பு, வெண்கலப் பொருத்துகளைப் பயன்படுத்தினார்கள். கீல் பிடுங்கப்பட்ட பின்னும், கல்லில் அது பதிந்திருந்த குழியைச் சுற்றிப் பச்சைக் கறை நின்றுவிடும். இரும்புக் கீல் இருந்த இடத்தில் கறை செம்பழுப்பாக இருக்கும். வரைபடத்தில் "கிடங்கு" என்று மட்டும் எழுதியுள்ள அறை வெடிமருந்துக்கா, கோடரிக்கும் மண்வெட்டிக்குமா என்பதை இந்தக் கறை பல வேளைகளில் முடிவு செய்துவிடுகிறது. பச்சை இல்லாதது மட்டும் எதையும் நிரூபிக்காது, ஏனெனில் நிலைக்கல்லே மாற்றப்பட்டிருக்கலாம்.

தரையில், நடுவே வாய்க்கால் ஓடும் செங்கல் தளம் சலவைக்கோ தொழுவத்துக்கோ உரியது. வழுக்காமலிருக்கக் கட்டங்கள் பொறித்த கருநீலச் செங்கல் தொழுவத்தை நோக்கிச் சாயும். எலிவளை வெளியே தள்ளிய மண்ணில் நிலக்கரித் தூளும் கசடும் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், கையால் கிளறாதீர்கள். கோட்டைக்கு வெளியே, அம்புக்குறியும் எண்ணும் பொறித்த போர்த்துறை எல்லைக்கற்கள் எஞ்சியிருந்தால் அவற்றின் இடத்தைப் பதிவு செய்யுங்கள். வெளிக்கட்டடங்களைத் தேடும் பரப்பை அவையே வரையறுக்கும்.

பாதுகாப்பைப் பற்றி மூன்று செய்திகள். பிற்காலக் கொட்டகைகளின் உடைந்த தகடுகளில் கல்நார் இருக்கக்கூடும், தொடாதீர்கள். சுரங்க வழிகளில் வௌவால்கள் தங்கும். அவற்றையும் அவை தங்குமிடத்தையும் கலைப்பது குற்றம், குறிப்பாகக் குளிர்கால உறக்கத்தின்போது உள்ளே போகவே கூடாது. உலோக உருளை போன்ற எதையேனும் கண்டால் இடத்தைக் குறித்துவிட்டு விலகிக் காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

9. பெயரிடும் நிபந்தனை

ஒவ்வொரு கட்டடத்துக்கும் நான்கில் ஒரு நிலையைக் கொடுங்கள். கட்டியபடி வரைந்த திட்டப்படமும், அதைச் சாராத மற்றொரு சான்றும் ஒத்துப்போனால் "உறுதி". ஒரே நல்ல ஆவணம் இருந்தால் "பெரும்பாலும்". முன்மொழிவுப் படம் மட்டும், அல்லது களத்தடம் மட்டும் இருந்தால் "கருதத்தக்கது". இரண்டாம் படியின் தேவைப் பட்டியலில் மட்டும் உள்ளது "காணப்படாதது". அதையும் பதிவில் வைத்திருங்கள், அடுத்து வருபவர் அதைத் தேடுவார்.

ஒரு படத்திலிருந்து நகலெடுத்த மற்றொரு படம் இரண்டாவது சான்றாகாது. இரண்டிலும் ஒரே எழுத்துப்பிழையோ ஒரே வகைக் கோணலோ இருந்தால் அவை ஒரு தாய்ப் பிள்ளைகள் என்று கொள்ளுங்கள்.

10. கோட்டையே இல்லாதபோது

கோமர் கோட்டை 1964இல் முற்றிலும் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் வீடுகள் எழுந்தன. போர்ட்ஸ்டவுன் வரிசையின் கிழக்கு முனையிலிருந்த ஃபார்லிங்டன், குரூக்ஹார்ன் சிறுகோட்டைகளும் இன்றில்லை. இத்தகைய இடங்களில் ஆறாம் படிக்குத் தேவையான மூலைகள் கிடைக்காது. அப்போது கோட்டைக்கு வெளியே உள்ள சாலைச் சந்திப்புகள், தேவாலயம், பழைய பண்ணை வீடுகள் ஆகியவற்றைக் கொண்டு 1:2500 தாளை முதலில் பொருத்தி, அந்தத் தாளில் தெரியும் அகழி விளிம்பைக் கொண்டு பெரிய அளவுத் திட்டப்படத்தை அதன் மேல் பொருத்த வேண்டும். பிழை இரண்டு முறை சேரும் என்பதால், மொத்தப் பிழையைக் கட்டட வரியில் வெளிப்படையாக எழுதுங்கள்.

உடன்பிறப்புக் கோட்டையின் திட்டப்படத்தை எடுத்து இடைவெளியை நிரப்பும் ஆசை இங்கேதான் வரும். பிராக்ஹர்ஸ்ட், ரவுனர், கிரேஞ்ச் மூன்றும் பின்புறத்தில் வட்ட உட்கோட்டையோடு ஏறக்குறைய ஒரே வடிவில் அமைந்தவை, ஆகவே அவற்றுக்குள் ஒன்றை வைத்து மற்றொன்றில் எங்கே தேடலாம் என்று ஊகிப்பது நியாயம். கோமரும் எல்சனும் அவற்றுக்கு முன் தொடங்கப்பட்ட வேறு வடிவமைப்புகள். பிராக்ஹர்ஸ்டின் கிடங்கு வரிசையைக் கோமர் மேல் பதித்தால் அழகான படம் கிடைக்கும், ஆனால் அது எந்தக் கோட்டையின் படமும் அன்று.

பேரேடு, பொருத்திய படங்கள், களக் குறிப்புகள் ஆகிய மூன்றையும் மாவட்ட வரலாற்றுச் சூழல் பதிவகத்தில் சேர்த்துவிடுங்கள். ஹாம்ப்ஷயர், போர்ட்ஸ்மத் பகுதிகளுக்கான பதிவகங்கள் வெவ்வேறு என்பதால், கோட்டை எந்த எல்லைக்குள் வருகிறது என்று அனுப்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். காப்பகப் படங்களின் பதிப்புரிமை நிபந்தனை தனி. பேரேட்டில் படத்தை ஒட்டாமல் ஆவண எண்ணை மட்டும் கொடுத்தால் அந்தச் சிக்கல் எழாது.